இலங்கையின் 2021 பசளைத் தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. ஆறரை மாதங்களில் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. அது பற்றி இன்றும் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தீர்மானம் புத்திசாலித்தனமானதா என்பது ஒன்று, நியாயமானதா என்பது மற்றொன்று. விளைச்சல் வீழ்ந்ததால் முதற் கேள்விக்கான விடை பலருக்கும் தெரியும். இரண்டாவது கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே இப்பக்கத்தை எழுதுபவரின் எண்ணம்.

தடை சரியாக என்ன சொன்னது?

2021 ஏப்ரல் இறுதியில் அமைச்சரவை உடன்பட்டது. மே 6ஆம் திகதி, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 2226/48 இலக்க அதிவிசேட வர்த்தமானி வெளியானது. யூரியா உள்ளிட்ட இரசாயனப் பசளைகளும், களைநாசினி, பூச்சிநாசினி முதலான விவசாய இரசாயனங்களும் நாட்டுக்குள் வருவது அத்துடன் நின்றது. பயன்படுத்துவதை எவரும் தடைசெய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். களஞ்சியத்தில் இருந்ததை விற்கலாம், வாங்கலாம், வயலில் இடலாம். இந்தச் சிறு வேறுபாடு பின்னர் நியாயம் பற்றிய கேள்வியில் பெரிதாகத் தலைகாட்டும்.

இதைச் செய்வதற்கு மக்கள் ஆணை இருந்ததல்லவா?

பாதி உண்மை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவின் கொள்கைப் பிரகடனம் பத்து ஆண்டுகளில், இரசாயனம் தவிர்த்த சேதன விவசாயத்துக்கு மாறுவதைப் பற்றிப் பேசியது. அதே பிரகடனம் விவசாயிகளுக்குப் பசளையை இலவசமாகத் தருவதாகவும் கூறியது. பத்து ஆண்டு என்று சொல்லி வாக்குக் கேட்டதை ஒரே வர்த்தமானியில் முடித்தது அந்த ஆணையை நிறைவேற்றுவதாகாது. கால அளவு என்பது இத்தகைய வாக்குறுதியின் அலங்காரமல்ல, அதன் உள்ளடக்கமே அதுதான். பத்து ஆண்டுக்கு வாக்களித்தவர்கள் பத்து நாளைக்கு வாக்களித்ததாகக் கணக்கெழுத முடியாது.

அரசாங்கம் கூறிய காரணம் மக்களின் ஆரோக்கியம். அதைக் குறை கூறலாமா?

அந்தக் காரணத்தை எள்ளி நகையாடுவது தவறு. 1990களிலிருந்து அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களை உள்ளடக்கிய வரண்ட வலயத்தில், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளை நாட்பட்ட சிறுநீரக நோய் தாக்கி வருகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் உழைப்பாளியை இழந்துள்ளன. ஆனால் அதன் காரணம் இன்றுவரை ஐயமறத் தீர்மானிக்கப்படவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வெயிலில் உழைப்பதால் ஏற்படும் நீரிழப்பு, விவசாய இரசாயனங்கள் எனப் பல விளக்கங்கள் ஆய்வில் உள்ளன; இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்க ஆதாரம் போதாது.

இங்கே இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். 2015இல் மைத்திரிபால சிறிசேன ஆட்சியில் கிளைபோசேற் களைநாசினி இதே நோயைக் காரணங்காட்டித் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. ஒரு சிறு தடையின் அனுபவம் கையில் இருந்தும், அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல் பல மடங்கு பெரிய தடைக்குப் போனார்கள். நோயாளிகளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது சுத்தமான குடிநீர். அதற்கான செலவையும் வேகத்தையும் கூட்டியிருந்தால் ஆரோக்கியம் பற்றிய பேச்சை எவரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் உண்மையான காரணம் டொலர்ப் பற்றாக்குறையா?

எவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை வெளியிலிருந்து நிரூபிக்க இயலாது. கணக்கை மட்டும் பார்க்கலாம். 2019 இறுதியில் ஏறக்குறைய 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, 2021 இறுதியில் 310 கோடி அளவுக்கு இறங்கியிருந்தது. 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டதால் அரச வருமானமும் சுருங்கியிருந்தது. ஆகவே இறக்குமதியையும் மானியத்தையும் ஒருசேர வெட்டும் ஒரு வழி எந்த நிதியமைச்சுக்கும் கவர்ச்சியாகவே தோன்றியிருக்கும். பசளை இறக்குமதிக்கு ஆண்டுதோறும் 40 கோடி டொலர் செலவாவதாக அரச தரப்பே மேடைகளில் கூறியது. 2020இல் உண்மையில் செலவானது சுமார் 26 கோடி.

இந்த 26 கோடியை எதற்கெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் விடயம். தேயிலை ஏற்றுமதி மட்டும் ஆண்டொன்றுக்கு 120 கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தருகிறது. அந்தத் தேயிலைக்கும் பசளை வேண்டும். 26 கோடியை மிச்சம் பிடிக்க 120 கோடியை ஆபத்தில் தள்ளுவதைச் சிக்கனம் என்று அழைக்க முடியாது. 2022இல் நாடு ஏறக்குறைய 7.8 இலட்சம் தொன் அரிசியை இறக்குமதி செய்தது. அந்த அரிசிக்குக் கொடுத்த டொலரே, தடைக்கு முந்திய ஆண்டில் பசளைக்குக் கொடுத்ததைவிடக் குறைந்ததல்ல.

சேதனப் பசளையால் ஏன் ஈடுகொடுக்க முடியவில்லை? நம் பாட்டன்மார் அப்படித்தானே விளைவித்தார்கள்?

பாட்டன்மார் விளைவித்தார்கள், ஆனால் அவர்கள் விதைத்த நெல்லினங்களும் வேறு, ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சலும் வேறு, சோறு போட வேண்டியிருந்த வாய்களின் எண்ணிக்கையும் வேறு. இன்று வயலில் நிற்பவை பத்தலகொடையிலும் மற்ற ஆய்வு நிலையங்களிலும் உருவான உயர் விளைச்சல் இனங்கள். அவை போதிய நைதரசன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் தெரிவு செய்யப்பட்டவை.

ஓர் ஏக்கரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஐம்பது கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நீர்ப்பாசன வயலுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மூடை யூரியா இடுவது வழக்கம். அதாவது நாற்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நைதரசன். நன்றாகச் செய்த கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு வீதம்தான் இருக்கும். ஒன்றரை வீதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதே நாற்பது கிலோவைப் பெற இரண்டரைத் தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அப்போதும் அது முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடாது. சேதனப் பொருள் மண்ணில் மெல்ல மெல்லச் சிதைந்தே நைதரசனை விடுவிக்கும். மூன்றரை மாத நெல், மட்டம் வெடிக்கும் நாட்களில், அதாவது அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளைக்கும்போது, அவசரமாகக் கேட்கும். கேட்கும் நாளில் கிடைக்காவிட்டால் இலை மஞ்சளிக்கும், மட்டம் குறையும், கதிர் சிறுக்கும். அதன் பின்னர் எதை இட்டாலும் போனது போனதுதான்.

இப்போது நாடு முழுவதற்கும் பெருக்குங்கள். பெரும்போகத்தில் நெல் விதைக்கப்படும் நிலம் ஏழு இலட்சம் ஹெக்டயருக்கு மேல், அதாவது பதினேழு இலட்சம் ஏக்கருக்கு மேல். ஏக்கருக்கு இரண்டரைத் தொன் என்றால் நாற்பது இலட்சம் தொன்னைத் தாண்டுகிறது. பத்துத் தொன் ஏற்றும் லொறியில் அது நான்கு இலட்சம் நடைகள். மே மாதத்தில் வர்த்தமானி, ஒக்டோபர் மழையோடு விதைப்பு. இடைப்பட்ட ஐந்து மாதத்தில் இத்தனை கூட்டெருவைச் செய்வதற்குச் சாணமும் இலைதழையும் எங்கிருந்து வரும், யார் புரட்டுவார்கள், எங்கே குவிப்பார்கள், எவர் வயலில் இறக்குவார்கள்? இது நெல்லுக்கான கணக்கு மட்டும். தேயிலை, தென்னை, மரக்கறி, யாழ்ப்பாணத்து வெங்காயம், நுவரெலியாவின் உருளைக்கிழங்கு எதுவும் இதில் சேரவில்லை.

இவை பல்கலைக்கழகம் போய்ப் படிக்க வேண்டிய கணக்குகள் அல்ல. கமநல சேவை நிலையம் ஒன்றில் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் அங்குள்ள உத்தியோகத்தர் ஒருவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியிருப்பார்.

சிக்கிம் செய்து காட்டியதல்லவா?

சிக்கிம் 2003இல் தொடங்கி 2016 ஜனவரியில்தான் முழுச் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள விவசாய நிலம் சுமார் 75,000 ஹெக்டயர். மலைச்சரிவு நிலம், ஏற்கெனவே குறைந்த இரசாயனப் பாவனை, அரிசிக்கு இந்தியாவின் பிற மாநிலங்களை நாடும் வசதி, இவற்றோடும் பதின்மூன்று ஆண்டு. பத்து மடங்கு பெரிய நெல் நிலத்தையும் தன் சோற்றைத் தானே விளைவிக்க வேண்டிய நிலையையும் உடைய ஒரு நாட்டுக்கு அது முன்மாதிரி என்றால், முதலில் பின்பற்றியிருக்க வேண்டியது அந்தப் பதின்மூன்று ஆண்டைத்தான்.

முன்கூட்டியே எவரும் எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞானிகள், குறிப்பாகப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விளைச்சல் கடுமையாக வீழும் என்று வெளிப்படையாகக் கூறினர். அவர் விவசாய அமைச்சில் வகித்த ஆலோசனைப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று பேசிய விவசாய அமைச்சின் செயலாளர் உதித் ஜயசிங்க 2021 டிசம்பரில் பதவி இழந்தார். கமக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அனுராதபுரத்திலும் அம்பாறையிலும் உழவு இயந்திரங்களோடு வந்தார்கள், விவசாய அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேயின் கொடும்பாவியை எரித்தார்கள். அரசியல் தூண்டுதல் என்றும் பசளைக் கம்பனிகளின் கைவரிசை என்றும் பதில் வந்தது.

கம்பனிகளுக்கு அதில் நலன் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு கூற்றைச் சொல்பவருக்கு இலாபம் இருக்கிறது என்பதால் அக்கூற்று பொய்யாகிவிடாது. யூரியாவில் இருக்கும் 46 வீதம் எவர் வாயில் சொல்லப்பட்டாலும் 46 வீதம்தான்.

சீனக் கப்பல் விவகாரம் என்ன?

கூட்டெரு போதாது என்று தெரிந்ததும் சேதனப் பசளையை வெளிநாட்டிலிருந்து வாங்கப் புறப்பட்டார்கள். டொலரை மிச்சம் பிடிக்கும் திட்டம் டொலர் கொடுத்துச் சேதனப் பசளை வாங்கும் திட்டமானது. சிங்தாவோ சீவின் பயோடெக் என்ற சீன நிறுவனத்திடமிருந்து 99,000 தொன் வாங்க உடன்பாடு. முதல் 20,000 தொன்னுடன் ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் புறப்பட்டது. மாதிரிகளைச் சோதித்த தாவரத் தொற்றுநீக்கச் சேவை, பயிர்களுக்கு நோயூட்டக்கூடிய எர்வினியா இன நுண்ணுயிர் அதில் இருப்பதாக அறிக்கையிட்டது. அந்த முடிவை நிறுவனம் மறுத்தது. நீதிமன்ற உத்தரவால் இலங்கையின் மக்கள் வங்கி கொடுப்பனவை நிறுத்தியது. சீனத் தூதரகம் 2021 ஒக்டோபர் 29ஆம் திகதி மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. வயலுக்கு ஒரு பிடி பசளையும் வரவில்லை.

இந்தியாவிலிருந்து நனோ யூரியா எனப்படும் திரவப் போத்தல்கள் விமானத்தில் வந்திறங்கின. இலைமேல் தெளிக்கும் அத்திரவம் மூடை யூரியாவின் இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்த கமக்காரர் அதிகம் இருக்கவில்லை.

விளைச்சல் உண்மையில் எவ்வளவு வீழ்ந்தது? எல்லாவற்றுக்கும் தடைதான் காரணமா?

2020/21 பெரும்போகத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் தொன் நெல் கிடைத்தது. 2021/22 பெரும்போகத்தில் அது 20 இலட்சத்துக்கும் கீழே போனது. ஆண்டுக் கணக்கில் 2021இன் 51 இலட்சம் தொன், 2022இல் 34 இலட்சமாயிற்று. தேயிலை ஏறக்குறைய 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

தடை மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. 2021இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் பசளை விலை ஏறிக்கொண்டிருந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியதும் மேலும் ஏறியது. மார்ச்சில் ரூபா சரிந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. தடை இல்லாதிருந்தாலும் 2022 சிறுபோகத்தில் யூரியா அரிதாகவே இருந்திருக்கும். ஆனால் 2021/22 பெரும்போகத்து வீழ்ச்சியை இந்தப் பிந்திய நிகழ்வுகளின் மேல் சுமத்த முடியாது. அந்தப் போகம் விதைக்கப்பட்டபோது போரும் இல்லை, ரூபாச் சரிவும் இல்லை. 2022 செப்டெம்பரில் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் இலங்கையில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாகக் கூறியபோது, அந்த நிலைமைக்கான பல காரணங்களில் ஒன்று மட்டும் முற்றிலும் நாமே தேடிக்கொண்டதாக இருந்தது.

தடை எல்லாருக்கும் பொதுவானதுதானே? அதில் எங்கே அநீதி?

சட்டம் எல்லாரையும் ஒரே வார்த்தையில் கட்டியது; சுமை அப்படி இறங்கவில்லை.

முதலில், மேலே சொன்ன களஞ்சியம். தடை வரும் என்று மணந்து பிடித்தவர்களும் மூடைகளை வாங்கி அடுக்கக் கைமுதல் உள்ளவர்களும் தப்பினார்கள். போகத்துக்குப் போகம் கடன் வாங்கி, விதைப்பு நேரத்தில் மாத்திரம் பசளை வாங்குபவர் வெறுங்கையோடு நின்றார். இறக்குமதியைத் தடுத்துப் பாவனையைத் தடுக்காத சட்டம், கையிருப்புள்ளவரின் கையிருப்பைத் தங்கமாக்கிக் கொடுத்தது. தடைக்கு முன் திறந்த சந்தையில் 1,500 ரூபா அளவில் இருந்த யூரியா மூடை, 2022இன் நெருக்கடி மாதங்களில் கறுப்புச் சந்தையில் 40,000 ரூபா வரை பேசப்பட்டது.

அடுத்தது குத்தகைக்காரர். கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ பிறர் வயலைக் குத்தகைக்கு எடுத்து விதைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏக்கருக்கு எட்டு மூடை நெல் குத்தகை என்று பேச்சு. நல்ல போகத்தில் முப்பது மூடை விளையும் வயலில் பதினைந்து விளைந்தாலும் அந்த எட்டு குறைவதில்லை. வெட்டு மெசினுக்கும் உழவுக்கும் கூலி ஏக்கர்க் கணக்கு. மூடை குறைந்தது என்று எவரும் குறைத்துக்கொள்வதில்லை. விளைச்சல் பாதியானால் அவருடைய வருமானம் பாதியாவதில்லை; கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. நிலச் சொந்தக்காரருக்கு எட்டு மூடை வந்து சேர்ந்துவிடுகிறது. நெல் விலை ஏறியிருந்தால் அவருக்கு அது கூடுதல் ஆதாயமும்கூட.

மலையகத்தில் இன்னும் நுட்பமாக நடந்தது. 2021 மார்ச்சில், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் சம்பளச் சபையூடாக 1,000 ரூபாவாக்கப்பட்டது. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகின. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு 18 கிலோவிலிருந்து 20 கிலோ, அதற்கும் மேல் என்று உயர்த்தப்பட்டது. அந்த அளவு நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இரண்டு மாதத்தில் பசளைத் தடை வந்தது. பசளை இல்லாத செடியில் கொழுந்து குறையும், களைநாசினி இல்லாத மலையில் புல் மண்டும். புல்லை விலக்கிக் கால் வைக்கும் இடம் பார்த்து, அட்டையையும் குளவியையும் பார்த்து, இல்லாத கொழுந்தை இருபது கிலோவுக்குத் தேடிப் பறித்துக்கொண்டு மாலையில் தராசுக்கு வரும் ஒரு பெண்ணின் சாக்கில் பதினான்கு கிலோ இருந்தால், குறைந்த ஆறு கிலோவுக்குப் பொறுப்பு யார்? வர்த்தமானியில் கையெழுத்திட்டவர்கள் அல்ல, பசளை போடாத கம்பனியும் அல்ல. அவளுடைய செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவில் அரை நாள் விழுகிறது. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தின் செலவு எத்தனை கை மாறி எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். தேயிலைக்கான தடையை முதலில் தளர்த்தினார்கள். அது ஏற்றுமதி வருமானத்துக்காக. குறைந்த நாட்களுக்கான சம்பளம் பற்றி அப்போதும் பின்னரும் பேச்சில்லை.

நட்டஈடு கொடுத்தார்களே?

2022 ஜனவரியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நெற்செய்கையாளருக்கென 4,000 கோடி ரூபா ஒதுக்குவதாக அமைச்சரவை அறிவித்தது. நெல்லுக்கான உத்தரவாத விலையும் கூட்டப்பட்டது. தவறை உணர்ந்து ஈடுசெய்ய முயன்றதை மதிக்க வேண்டும். ஆனால் ஒருவருக்குச் சராசரி 40,000 ரூபாவுக்குக் கீழே வரும் தொகை அது, அதுவும் ரூபாவின் பெறுமதி பாதியாகச் சரிவதற்குச் சில வாரங்கள் முன்பு. விலையேற்றமோ விற்க நெல் உள்ளவருக்கே பயன்படும். வீட்டுத் தேவைக்கே போதாமல் விளைந்தவருக்கு அதனால் ஏதுமில்லை. மரக்கறி, வெங்காயம், சோளம் செய்தவர்கள் அந்த அறிவிப்பில் இல்லை. வயலில் நாட்கூலிக்குப் போனவர்களும் மேலே கூறிய கொழுந்து பறிப்பவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

விவசாயிகளும் மானியப் பசளையை அளவுக்கு மீறி அள்ளிப் போட்டார்கள் என்பது உண்மைதானே?

பல இடங்களில் உண்மை. 2005க்குப் பின் ஐம்பது கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது, பின்னர் இலவசமாகவும் கொடுக்கப்பட்டது. மலிவான பொருள் மிகையாகப் பயன்படும். மண் பரிசோதனை செய்து அளவறிந்து இடும் பழக்கத்தை அந்த மலிவு விலை வளரவிடவில்லை. நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுநாளாகப் பேசப்படும் பிரச்சினை; சுண்ணாம்புக் கல்லின் ஊடாகக் கிணற்றுக்கு இறங்கும் பசளையை அலட்சியப்படுத்த முடியாது. இதையெல்லாம் குறைக்க ஒரு கொள்கை தேவைதான். மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மண் பரிசோதனையை இலவசமாக்கி, கூட்டெருவோடு அரை அளவு யூரியாவைச் சேர்த்து இடும் முறையைச் சில மாவட்டங்களில் சில போகம் சோதித்திருக்கலாம். மிகையாகப் பழக்கியதும் அரசாங்கம், ஒரே நாளில் நிறுத்தியதும் அரசாங்கம். இரண்டுக்கும் விவசாயியின் அறியாமையைக் காரணங்காட்டுவது வசதியான வாதம்.

நெருக்கடி நேரத்தில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது நாட்டைப் பலவீனப்படுத்தாதா?

கேள்வியை ஜூலையில் ஏற்றுக்கொண்டிருந்தால் பெரும்போகம் காப்பாற்றப்பட்டிருக்கும். நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கப்பட்டபோது விதைப்பு பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது. கேள்விக்குச் செவிசாய்க்காததன் விலையை இவ்வளவு துல்லியமாக நாட்காட்டியில் குறிக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் அரிது.

ஜனாதிபதி தவறை ஒப்புக்கொண்டார். அதோடு விடயம் முடிந்ததல்லவா?

2022 ஏப்ரல் 18ஆம் திகதி புதிய அமைச்சரவையின் முன் பேசிய கோட்டாபய ராஜபக்ஷ, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்னரே போகாததையும் இரசாயனப் பசளையை நிறுத்தியதையும் தவறென்று ஏற்றுக்கொண்டார். மூன்று மாதத்தில் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடி தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களில், அவரும் மகிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ உள்ளிட்ட வேறு சிலரும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறியதாகப் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வரலாற்றுப் பெறுமதியுள்ள தீர்ப்பு அது. ஆயினும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு அதில் உத்தரவில்லை. பசளை மூடைக்கு அலைந்தவரின் கணக்கு அங்கேயும் தீரவில்லை.

இதுபோன்ற வர்த்தமானி மீண்டும் வந்தால் ஒரு சாதாரண குடிமகனால் என்ன செய்ய முடியும்?

காலம் மிகக் குறுகியது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஒழுங்குவிதி வெளியானவுடன் நடைமுறைக்கு வரும். பாராளுமன்றத்தின் ஒப்புதல் பின்னரே வரும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. சங்கத்துக்குச் சட்டத்தரணி தேடவே ஒரு மாதம் போய்விடும் ஊர்களில் இது பயனுள்ள ஏற்பாடு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தீர்மானத்துக்கு அடிப்படையான ஆய்வறிக்கை, செலவு மதிப்பீடு, ஆலோசனைக் கூட்டங்களின் குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். கேட்கும்போது "ஏன் செய்தீர்கள்" என்று எழுதாமல், "எந்த ஆவணத்தின் அடிப்படையில்" என்று எழுதுவது நல்லது. முதல் வகைக் கேள்விக்குத் தகவல் உத்தியோகத்தர் பதிலளிக்கக் கடமைப்பட்டவரல்லர். இரண்டாவதற்கு ஆவணத்தைத் தர வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். அப்படி எழுத்தில் வரும் "இல்லை" நீதிமன்றத்தில் நல்ல சான்று.

இப்போதைய பசளை மானியம் நியாயமாக இருக்கிறதா?

மூடைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் முறை வந்துள்ளது. 2024 பெரும்போகத்துக்கு ஹெக்டயருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஹெக்டயர் வரை கிடைக்கும். பணமாகக் கொடுப்பது மிகைப் பாவனையைக் குறைக்கும் என்பதால் முன்னையதைவிட நல்ல முறை என்றே கருதுகிறேன். ஆனால் வாய்மொழிக் குத்தகையில் விதைப்பவர் கமநல சேவை நிலையத்தின் பதிவில் தன் பெயரைக் காண்கிறாரா, நிலச் சொந்தக்காரரின் பெயரைக் காண்கிறாரா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. வயலில் இறங்குபவர் ஒருவர், வங்கிக் கணக்கு இன்னொருவருடையது என்றால், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் விதைப்புக்கு முன்னரே அதைக் கிளப்பி, செய்கையாளர் இன்னார் என்று எழுத்தில் பதிய வைப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடியது. காசு கணக்கில் விழுந்த பிறகு கேட்பவருக்குப் பெரும்பாலும் பங்கு கிடைப்பதில்லை.